பின்கண்ணாடி வைப்பர் அசையாதபோது

பின்கண்ணாடி வைப்பர் ஓடவில்லை என்பது பெரும்பாலும் ஐப்பசி மழையில்தான் தெரியவரும். சுவிட்சைப் போட்டால் ஒன்றும் நடக்காது. ரிவர்ஸ் எடுக்கும் நேரத்தில் கண்ணாடி முழுக்கச் சேறும் நீருமாக இருக்கும். முன்பக்க வைப்பர் என்றால் வண்டிக்காரர் அன்றைக்கே மெக்கானிக்கிடம் போய் நிற்பார். பின்பக்கத்து வைப்பரை மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள், துடைத்து கிரீஸ் வைத்தால் தீர்ந்திருக்கும் துரு, மோட்டாரையே மாற்றும் செலவாக வளர்ந்துவிடும்.

பின்பக்கம் செங்குத்தாக முடியும் வண்டிகளுக்குத்தான் இந்த வைப்பர் அவசியம். வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஸ்கார்பியோ, இன்னோவா எல்லாம் அந்த இனம். வண்டி ஓடும்போது கூரையைத் தாண்டிய காற்று சட்டென்று பிரிந்து, டிக்கி கதவுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு சுழல் உண்டாகிறது. சக்கரங்கள் கிளப்பும் சேற்றுநீரை அந்தச் சுழல் இழுத்துக் கண்ணாடிமேல் அப்பிவிடுகிறது. செடான் வண்டிகளில் கண்ணாடி சரிந்து இறங்குவதால் காற்றும் அதன்மேலேயே வழிந்து நீரைத் தள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் அவற்றில் பெரும்பாலும் பின்வைப்பர் கிடையாது. வால்வோ நிறுவனம் 1960-களின் கடைசியிலேயே தன் 145 எஸ்டேட் வண்டிக்கு இதைக் கொடுத்துவிட்டது. இந்தியாவில் இது நீண்டகாலம் விலை கூடிய மாடல்களோடு மட்டுமே வந்தது. குறைந்த விலை மாடலை வாங்கியவர்கள் பலர் வெளியே மாட்டிக்கொண்டார்கள். ஆகவே பழைய வண்டியை வாங்கியவர், வைப்பர் கம்பெனியிலிருந்தே வந்ததா, பிறகு மாட்டியதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு மாட்டியதாக இருந்தால் ஃபியூஸும் வயரும் வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன இடத்தில் இருக்காது.

வைப்பர் ஓடவில்லை என்றதும் ‘மோட்டார் போச்சு’ என்று சொல்லிவிடுவது சுலபம். பழைய வண்டிகளில் மோட்டார் உண்மையிலேயே எரிந்துபோவது குறைவு. இரண்டு இடங்களில்தான் பழுது திரும்பத் திரும்ப வருகிறது. ஒன்று, வண்டியின் உடம்பிலிருந்து டிக்கி கதவுக்கு வயர் தாண்டும் மடிப்பு. இன்னொன்று, கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட். இந்த இரண்டையும் பார்க்காமல் புது மோட்டாருக்குக் காசு கொடுப்பது வீண்.

முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்

சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், வைப்பரைப் போட்டுவிட்டு ஒருவர் பின்னால் வந்து டிக்கி கதவில் காதை வைத்துக் கேட்கட்டும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் கை அசையவில்லை என்றால் மின்சாரத்தில் குறை இல்லை. வைப்பர் கையைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து, ஷாஃப்டின் பல்லில் கை வழுக்குகிறது. அல்லது மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. ‘ம்ம்’ என்ற முனகல் மட்டும் கேட்டால் மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது, ஷாஃப்ட் துருவேறிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முனகலை நீடிக்க விடக்கூடாது. அசையாத மோட்டாருக்குள் பாயும் அதிகக் கரண்ட் வைண்டிங்கைச் சூடாக்கிக் கருக்கிவிடும். சத்தமே இல்லையென்றால்தான் ஃபியூஸ், சுவிட்ச், வயர் என்று தேட வேண்டும்.

ஃபியூஸைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எந்த இடத்தில் எந்த ஃபியூஸ் என்பது பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவில் புதிது போட வேண்டும். 10 ஆம்பியர் இடத்தில் 20 போடுவதும், வெள்ளிக் காகிதம் சுற்றி வைப்பதும் டிக்கிக்குள் தீயை வரவழைக்கும் வேலைகள். புது ஃபியூஸ் எரியும் விதமே ஒரு தகவல். சுவிட்சைப் போட்ட நொடியில் எரிந்தால் எங்கோ வயரின் தோல் உரிந்து செம்பு தகட்டைத் தொடுகிறது. சில நொடிகள் கழித்து எரிந்தால் பிடித்துக்கொண்ட மோட்டார்தான் காரணம் என்று நினைக்கலாம்.

அடுத்து, டிக்கி கதவில் இருக்கும் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். நம்பர் பிளேட் விளக்கு எரிகிறதா? கண்ணாடிப் பனியை நீக்கும் டீஃபாகர் சூடாகிறதா? டிக்கி பூட்டு ரிமோட்டுக்குக் கேட்கிறதா? கதவில் மேலே பிரேக் லைட் இருந்தால் அது எரிகிறதா? இவற்றில் ஒன்றிரண்டும் வைப்பரோடு சேர்ந்து மக்கர் செய்தால், வேறெங்கும் தேட வேண்டாம். கதவு கீல் பக்கத்தில் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றலாம்.

சில பழைய எஸ்யூவிகளில் டிக்கி கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் தனியே தூக்கலாம். அப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில் கண்ணாடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சுவிட்ச் உண்டு. அது கெட்டாலோ கண்ணாடி அரைகுறையாக மூடியிருந்தாலோ வைப்பர் ஓடாது. ஏதாவது கழற்றுவதற்கு முன் கண்ணாடியை ஒருமுறை திறந்து அழுத்தி மூடிப் பார்ப்பது நல்லது.

ரப்பர் குழாய்க்குள் நடப்பது

மேலே தூக்கும் கதவாக இருந்தால் அந்த ரப்பர் குழாய் கூரையின் ஓரத்தில் இருக்கும். ஸ்கார்பியோ, பொலீரோ, ஈகோஸ்போர்ட் மாதிரி பக்கவாட்டில் திறக்கும் கதவுகளில் கீல் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தக் குழாய்க்குள்தான் கதவுக்குப் போகும் எல்லா வயர்களும் போகின்றன. கதவைத் திறக்கும்போது ஒரு வளைவு, மூடும்போது எதிர்வளைவு. காய்கறி, மளிகை, பள்ளிக்கூடப் பை, ஊர்ப் பயணம் என்று ஒரு குடும்ப வண்டியில் டிக்கி ஒரு நாளில் பலமுறை திறந்து மூடப்படுகிறது. பத்துப் பதினைந்து வருடத்தில், சட்டைக் காலர் மடிப்பிலேயே கிழிவதுபோல, வயர்கள் அதே இடத்தில் விட்டுப்போகின்றன. வெயிலில் காய்ந்து மொரமொரப்பான பிளாஸ்டிக் தோல் முதலில் வெடிக்கும், பிறகு உள்ளிருக்கும் மெல்லிய செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

குழாயின் ஒரு முனையை விரலால் நெம்பினால் தகட்டுத் துளையிலிருந்து வந்துவிடும். வயர்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலில் பிடித்து லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல வயர் இழுபடாது. அறுந்த வயர் ரப்பர்போல நீளும், ஏனென்றால் உள்ளே செம்பு இல்லை, வெளித்தோல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து முழுசாகத் தெரியும் வயர்கூட இப்படி உள்ளுக்குள் அறுந்திருக்கும். கண்ணால் பார்த்துவிட்டு ‘வயர் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று மூடிவிடுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அறுந்த முனைகளை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினால் சில வாரம் ஓடும். பிறகு பக்கத்திலேயே மறுபடி அறும். அறுந்த துண்டை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, அதே பருமனுள்ள, நிறைய மெல்லிய இழைகள் கொண்ட நெகிழ்வான வயரை நீளமாகப் போட வேண்டும். பற்ற வைத்த இடம் விறைப்பாகிவிடும். வளையும் பகுதியில் அந்த விறைப்பு இருந்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். ஆகவே இணைப்புகள் ரப்பர் குழாய்க்கு வெளியே, ஒன்று கதவுக்குள்ளும் மற்றொன்று கூரைக்குள்ளும் வரவேண்டும். எல்லா வயரின் இணைப்பும் ஒரே இடத்தில் கும்பலாக வராமல் முன்பின்னாக வைத்து, ஒவ்வொன்றின்மேலும் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டால் வேலை சுத்தம். ஒரு வயர் அறுந்திருந்தால் அதன் பக்கத்து வயர்களுக்கும் அதே வயசுதான். அவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே சரி.

வயர்கள் நன்றாக இருந்தால் கதவின் உள்பக்க ட்ரிம்மைக் கழற்றி மோட்டாருக்கு வர வேண்டும். பிளாஸ்டிக் கிளிப்புகள் பழசானால் ஒடியும். நாலைந்து புது கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, வைப்பர் சுவிட்சைப் போட்ட நிலையில் அங்கே 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எர்த் வயர் ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் கறுப்பு, ஜெர்மன் வண்டிகளில் பழுப்பு.

இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பக்கூடாது. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருக்கும் வயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுப்பதில்லை. மோட்டாரை மாட்டியதும் அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாமல் வோல்ட் விழுந்துவிடும். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் பழைய இண்டிகேட்டர் பல்பு டெஸ்ட் லைட் இங்கே மீட்டரைவிட உண்மை பேசும். 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். அது பளிச்சென்று எரிந்தால் வயர் நல்ல வயர். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ அரைகுறை இணைப்பு இருக்கிறது. பல்பின் மறுமுனையை மோட்டாரின் எர்த் வயரிலும், பிறகு சுத்தமான உடம்புத் தகட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். தகட்டில் வைத்தால் நன்றாக எரிந்து எர்த் வயரில் வைத்தால் மங்கினால், எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கினாலே வேலை முடிந்துவிடும்.

பல்பு நன்றாக எரிகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால்தான் மோட்டாரைக் கையில் எடுக்க வேண்டும்.

துருப்பிடித்த ஷாஃப்ட்

கையைக் கழற்றுமுன், அது கண்ணாடியில் படுத்திருக்கும் இடத்தில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் செய்துவிட வேண்டும். மூடியைத் தூக்கினால் நட்டு தெரியும். பல வண்டிகளில் 10 எம்.எம். சாக்கெட் பொருந்தும். நட்டு சுலபமாக வந்துவிடும், கை வராது. வருடக்கணக்கில் மழைநீர் புகுந்து, அலுமினிய அலாய் கையும் இரும்பு ஷாஃப்டும் வெள்ளைப் பொடியாகவும் பழுப்புத் துருவாகவும் ஒட்டிப் போயிருக்கும். துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊற விட்டு, கையை மேலும் கீழுமாக ஆட்டி ஆட்டி எடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் வைப்பர் கை கழற்றும் சிறிய புல்லர் வேண்டும். பேட்டரி டெர்மினல் புல்லரும் பல வண்டிகளுக்குச் சரியாக இருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரைக் கண்ணாடிமேல் ஊன்றி நெம்புவது கூடவே கூடாது. முன்கண்ணாடி இரண்டு அடுக்கு. அடிபட்டால் விரிசல் விட்டு அப்படியே நிற்கும். பின்கண்ணாடி பெரும்பாலும் ஒற்றை அடுக்கு டஃபன்டு கண்ணாடி. ஒரு புள்ளியில் அழுத்தம் கூடினால் முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் கற்கண்டு அளவுத் துண்டுகளாகக் கொட்டிவிடும். கண்ணாடியைத் துளைத்து ஷாஃப்ட் வெளியே வரும் வண்டிகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஷாஃப்டின் தலையில் சுத்தியலால் அடிப்பதும் அதே அளவுக்குக் கெடுதல்.

கை வந்தபிறகு பேட்டரியின் நெகடிவைக் கழற்றி, மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்தால் மோட்டார் உள்பக்கமாக வந்துவிடும். மேசைமேல் பழைய துணியை விரித்து வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே பிரிக்க வேண்டும். பல்சக்கரப் பெட்டியின் மூடியைத் திறந்தால் கெட்டியாகி மெழுகுபோல் மாறிய பழைய கிரீஸ் தெரியும். ஷாஃப்டின் வெளிமுனையில் ஒரு சர்க்ளிப், அதன்கீழ் வாஷர், அதன்கீழ் தண்ணீர் புகாமல் தடுக்க வேண்டிய ஓ-ரிங். இந்த ஓ-ரிங் காய்ந்து வெடித்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். கண்ணாடியில் வழியும் நீர் அந்த வெடிப்பு வழியாக, முடி நுழையும் அளவே இருக்கும் இடைவெளிக்குள் இறங்குகிறது. இரும்பும் அலுமினியமும் உப்பு கலந்த ஈரத்தில் சேர்ந்து இருந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கும். அரித்து உண்டாகும் பொடி, அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். அது ஷாஃப்டைச் சுற்றி நெருக்கி அப்படியே பிடித்துக்கொள்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிகளுக்கு இது சீக்கிரமே வரும்.

எண்ணெய் அடித்து ஊறவிட்டு, ஷாஃப்டின் முனையில் நட்டை மட்டமாகத் திருகி, மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டினால் ஷாஃப்ட் உள்பக்கமாக நகரும். வெளியே எடுத்தபின் 400, பிறகு 800 எண் எமரி பேப்பரை எண்ணெயில் நனைத்து, துரு போய் வழவழப்பாகும்வரை தேய்க்க வேண்டும். அது நுழையும் துளையை அதிகமாகத் தேய்க்கக் கூடாது. துணியில் சுத்தம் செய்தால் போதும். துளை பெருத்தால் ஷாஃப்ட் ஆடும், ஆடினால் புது ஓ-ரிங்கும் நிற்காது. தண்ணீர் கரைக்காத கிரீஸைத் தாராளமாகப் பூசி, புது ஓ-ரிங் போட்டு, படத்தில் பார்த்த வரிசையில் கோக்க வேண்டும். வெளியிலிருந்து டபிள்யூ.டி.-40 மட்டும் அடித்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது பிடிப்பை இளக்கும், ஆனால் மிச்சம் இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். அதற்குப்பின் கிரீஸ் வைக்காவிட்டால் முன்னைவிடச் சீக்கிரம் பிடிக்கும்.

பிரித்த கையோடு, பல்சக்கரத்தின் மேல் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டையும் துடைத்துவிட வேண்டும். சுவிட்சை அணைத்தபிறகும் வைப்பர் கண்ணாடி நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு வந்து படுப்பது இந்தத் தகட்டால்தான். மோட்டாருக்குத் தனியாக ஒரு வயரில் எப்போதும் கரண்ட் வந்துகொண்டிருக்கும். தகட்டில் இருக்கும் வெட்டு வரும்வரை மோட்டார் ஓடி, வெட்டு வந்ததும் நிற்கும். நடுக்கண்ணாடியில் நின்றுவிடும் வைப்பருக்குக் காரணம் தகட்டின்மேல் கெட்டியான கிரீஸ், அல்லது அந்தத் தனி வயர் அறுந்தது. விட்டு விட்டு ஓடும் நிலையில் மட்டும் ஓடாமல் தொடர்ந்து ஓடும் நிலையில் ஓடினால் மோட்டாரைத் தொட வேண்டாம், ரிலேயைப் பார்க்கலாம்.

வாஷர் தண்ணீர் வராதது தனிக் கதை. பல வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பம்புதான்; ஒரு பக்கம் சுற்றினால் முன்கண்ணாடிக்கு, எதிர்ப்பக்கம் சுற்றினால் பின்கண்ணாடிக்கு. அந்த மாதிரி வண்டியில் முன்னால் தண்ணீர் வந்து பின்னால் பம்பின் சத்தம் மட்டும் கேட்டால், நாசில் அடைத்திருக்கிறது அல்லது குழாய் எங்கோ கழன்றிருக்கிறது. போர் தண்ணீரை ஊற்றும் வீடுகளில் நாசில் முனையில் உப்பு படிந்திருக்கும். ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, இனிமேல் உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய் கழன்றிருந்தால் அவசரமாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தண்ணீர் கூரைத் துணியிலோ டிக்கி கதவுக்குள்ளோ இறங்கி வயரையும் மோட்டாரையும் நனைக்கும். ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் பலவற்றில் வாஷர் நீர் மோட்டார் ஷாஃப்டின் நடுத்துளை வழியாகவே வருகிறது. அங்கே உள்சீல் கெட்டால் நீர் நேராக மோட்டாருக்குள் போகும்.

பல்சக்கரம் மொட்டையாகிவிட்டது, வைண்டிங் கருகிவிட்டது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழசும் தேடலாம். பழைய மோட்டாரை எடுத்துக்கொண்டே போக வேண்டும். பிளக்கில் எத்தனை பின், ஷாஃப்டின் நீளம், போல்ட் துளைகளின் இடம், கை எந்தப் பக்கம் படுக்கிறது என்று நான்கையும் ஒப்பிட வேண்டும். ஒரே பெயரில் வந்த வண்டியின் இரண்டு தலைமுறைகளில்கூட இவை மாறியிருக்கும். கடைக்காரரிடம் பேட்டரி இருக்கும். காசு கொடுக்கும் முன் ஓட்டிக் காட்டச் சொல்லலாம். ஓடிய பழைய மோட்டாராக இருந்தாலும் ஷாஃப்டைக் கழற்றி கிரீஸும் ஓ-ரிங்கும் மாற்றாமல் வண்டியில் ஏற்றக் கூடாது, அதுவும் ஏதோ ஒரு வண்டியில் அத்தனை வருடம் மழையில் நனைந்ததுதான்.

மாட்டும்போது முதலில் கை இல்லாமல் மோட்டாரை ஓட்டி, அணைத்து, அது தன் ஓய்வு நிலைக்கு வந்தபிறகு, டேப் அடையாளத்துக்கு நேராகக் கையைச் செருகி நட்டை அளவாக இறுக்க வேண்டும். கண்ணாடியை நனைத்துவிட்டே ஓட்ட வேண்டும்; காய்ந்த தூசியின்மேல் ஓட்டினால் கீறல் விழும், புது மோட்டாருக்கும் பாரம். ரப்பர் வெயிலில் விறைத்திருந்தால் பிளேடையும் மாற்றிவிடலாம். ஆனால் பின்பிளேடின் மாட்டும் கொக்கி முன்பக்கத்தைவிட வேறாக இருப்பதால் பழையதைக் காட்டித்தான் வாங்க வேண்டும். ட்ரிம்மை உடனே அடித்து மூடாமல், டிக்கி கதவைப் பலமுறை திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டும். கதவு ஏதாவது ஒரு கோணத்தில் இருக்கும்போது மட்டும் வைப்பர் தடுமாறினால், ரப்பர் குழாய்க்குள் இன்னொரு வயர் மிச்சமிருக்கிறது.

சரியான வைப்பரையும் மழை வரும்வரை சும்மா விடக் கூடாது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரோடு பெரும்பாலும் அடங்கிவிடும். மிச்ச மாதங்களில் அசையாமல் கிடக்கும் ஷாஃப்டில்தான் துரு நிம்மதியாக வேலை செய்கிறது. வண்டி கழுவும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி ஈரமாக இருக்கும்போதே பின்வைப்பரை நாலைந்து வீச்சு ஓட்டி, வாஷரையும் ஒருமுறை அடித்துவிட்டால் கிரீஸ் ஷாஃப்ட் முழுக்கப் பரவும், நாசிலும் அடைக்காது. வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், கையைக் கழற்றி ஓ-ரிங்கைப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றி, ஷாஃப்டின் பல்லில் லேசாக கிரீஸ் தடவி மாட்டிவிட வேண்டும்.